ஐந்து நிமிட வேக்காடு

ஒரே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி மூன்று இறக்கைகளாகப் பிரிந்து மெதுவாகிறது, சுவிட்சின் மேல் என் விரல் இன்னும் இருக்கிறது, மேனேஜர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, ஏம்மா, என்ன பண்ற என்கிறார், அர்த்தம் சொல்றேன் சார் என்று கதவையும் சாத்துகிறேன், எதிரே தொழிற்சாலை ஆய்வாளர், அவர் கையில் நான் எழுதிய மனு, அதில் வேக்காடு என்ற சொல்லின் கீழே அவர் போட்ட சிவப்புக் கோடு. அவர்தான் கேட்டார், வெயில்னு எழுதினா அளந்துட்டுப் போவேன், இது என்னம்மா வேக்காடு? ஷெட்டுக்குள் அளந்தும் விட்டார், முப்பத்திரண்டு டிகிரி, வெளியே ரோட்டில் அதைவிட அதிகம், மேனேஜருக்குச் சிரிப்பு, வேல செஞ்சா வேர்க்காதா சார், அந்தப் பொண்ணு சாப்பிடாம வந்து விழுந்தா மில்லு என்ன பண்ணும். நூல் அறாமல் இருக்க நாள் முழுதும் எங்கள் தலைக்கு மேல் நீர்ப்புகை தூவுகிறார்கள், ஜன்னலைத் திறந்தால் நூல் காய்ந்துவிடும், ஆறு மாத வயிற்றோடு அந்த ஈரத்துக்குள் நின்ற பேச்சித்தாய் என் தோளில்தான் சரிந்தாள், வேக்காடு தாங்கலக்கா, கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான் சொன்னாள், மறுநாள் வேலை இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கே கற்றேன் அந்தச் சொல்லை, அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி, வேக்காடா இருக்கு, மழ வரும்டி என்று கொடியில் துணி எடுக்கிறாள், மழை வருகிறது, நான் மணவறையில் உட்கார்ந்திருக்கிறேன், பட்டும் மாலையும் ஓமப்புகையுமாக, பக்கத்தில் இன்னும் முகம் சரியாகப் பார்த்திராத மாப்பிள்ளை உதடு அசையாமல், ஒரே வேக்காடா இருக்குல்ல என்கிறார், அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே அதுதான், சிரித்துவிட்டேன், போட்டோவில் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன், வெயிலென்றால் நிழலுக்குப் போகலாம், இதற்கு எங்கே போவது, மூடிபோட்ட பாத்திரத்துக்குள் எது நிழல், இறக்கை நின்றுவிட்டது, என்னோடு வந்த மூன்று பெண்களையும் சேர்த்து அறையில் ஆறு பேர், ஒரு நிமிடம், இரண்டு, ஆய்வாளர் காலரை இழுத்துவிடுகிறார், மேனேஜர் ஒரு ஃபைலை எடுத்து விசிறிக்கொள்ளப் போகிறார், கீழ வைங்க சார், அங்க எங்களுக்கு ரெண்டு கையும் நூல்லதான் இருக்கும் என்கிறேன், என் குரலா இது, ஆமாம், என்னுடையதுதான், ஐந்தாவது நிமிடம் ஆய்வாளர் கதவைப் பார்க்கிறார், கொஞ்சம் தண்ணி கெடைக்குமாம்மா? பேச்சித்தாயும் இதத்தான் சார் கேட்டா, நீங்க இருந்தது அஞ்சு நிமிஷம், எங்களுக்கு எட்டு மணி நேரம். வேர்த்த விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு அவர் எழுதினார், வேக்காடு என்றே எழுதினார், எட்டிப் பார்த்தேன்.

ஷெட் சுவரை உடைத்துப் புதிதாக ஒரு விசிறி பதித்திருக்கிறார்கள், அதனடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், திரும்ப வேலைக்கு வந்துவிட்ட பேச்சித்தாய், போடுக்கா, பொண்ணு பாக்க வந்த மாதிரி அதையே பாத்துக்கிட்டு நிக்கிற என்கிறாள், சுவிட்சின் மேல் என் விரல், தனித்தனியாக நிற்கும் மூன்று இறக்கைகள் அசைந்து, சேர்ந்து, ஒரே வட்டமாகின்றன, அவள் கழுத்தில் ஒட்டியிருந்த பஞ்சு கிளம்பிப் பறக்கிறது.