குதிக்க வேண்டாம் என்றார் சகலை

என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், அதாவது என் சகலை, பஸ் டிரைவர். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவன். ஒரே கட்டடத்தில் அவர் தரைத்தளம், நான் இரண்டாவது மாடி. அவர் வீட்டுக் கதவைத் தாண்டித்தான் தினமும் நான் வேலைக்குப் போயாக வேண்டும். ஆறு வருஷம் தாண்டினேன். ஒரு நாள்கூடத் தட்டவில்லை.

சண்டைக்குக் காரணம் என் வாய். இரண்டு குடும்பமும் ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வெளியூர் போனோம். அவர்தான் ஓட்டினார். பின்சீட்டில் இருந்த நான் சும்மா இருக்காமல், "அண்ணே, இது பஸ் இல்ல. ஒவ்வொரு முக்குலயும் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டாம்" என்று சொல்லிவைத்தேன். மாமனார் சிரித்துவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. சகலை வண்டியை ஓரம் கட்டினார். "உன் ஸ்டாப் வந்துடுச்சு. இறங்கு" என்றார். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வருமே! இறங்கி நாலு கிலோமீட்டர் நடந்தேன். அன்றிலிருந்து அவர் யாரோ, நான் யாரோ.

அக்காவும் தங்கையும் மட்டும் எங்கள் இருவரையும் சட்டை செய்யாமல் மாடிக்கும் கீழுக்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள். கிண்ணம் போகும், கிண்ணம் வரும். கூடவே எங்களைப் பற்றிய சேதியும் போய்வரும்.

எங்களை ஒரே அறையில் நிற்க வைத்தது உடம்புதான். டிப்போவில் வருஷாந்திரப் பரிசோதனை நடந்தபோது, எடையைக் குறைக்காவிட்டால் அடுத்த வருஷம் ஸ்டியரிங் கிடையாது என்று டாக்டர் சகலையிடம் சொல்லிவிட்டார். எனக்கோ நாள் முழுக்க மெஷின் மேல் குனிந்து குனிந்து கழுத்து திரும்பவில்லை. யாராவது கூப்பிட்டால் ஆளோடு திரும்ப வேண்டியிருந்தது. டிவியில் அறுபது நாள் பயிற்சி ஒன்று இருக்கிறது, வீட்டிலேயே செய்யலாம் என்று என் மனைவி கண்டுபிடித்தாள்.

முதல் நாள் என் வீட்டில்தான் ஆரம்பித்தேன். டிவியில் ஒரு பெண் குதிக்கச் சொன்னாள், குதித்தேன். பதினாலாவது குதியில் அழைப்பு மணி அடித்தது. முதல் மாடி நர்ஸம்மா. ராத்திரி டியூட்டி முடிந்து அப்போதுதான் படுத்திருக்கிறார். "சார், எங்க வீட்டு ஃபேன் ஆடுது சார்" என்றார், அழாத குறையாக. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சேதி கீழே போயிற்று. அண்ணி மேலே வந்தார். மனைவியின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். "எங்க வீட்டுல வந்து குதிங்க. எங்களுக்குக் கீழ மண்ணுதான் இருக்கு, அது வந்து பெல் அடிக்காது. அஞ்சே முக்காலுக்கு அவரும் இதே எழவைத்தான் செய்யப் போறாரு. ரெண்டு பேரும் பேச வேண்டாம். குதிச்சாப் போதும்" என்றார்.

அப்படித்தான் போனேன். எட்டு நாள் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. டிவிக்காரியைத் தவிர யாரும் வாயைத் திறக்கவில்லை. பின்னால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் டீச்சரம்மா. அவளுக்கு மூச்சு வாங்காது, வியர்க்காது, சிரிப்பும் நிற்காது. ஒன்பதாம் நாள் எங்களைக் குப்புறப் படுக்கப் போட்டு, கையையும் கால்விரலையும் மட்டும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி தூக்கி நிறுத்தச் சொன்னாள். நாற்பது விநாடி முடிந்து கீழே விழப் போகும் நேரத்தில், "இன்னும் ஒரு பத்தே விநாடி!" என்றாள்.

"இவ நல்லா இருப்பாளா?" என்றார் சகலை, தரையைப் பார்த்தபடி.

"இருக்கவே மாட்டா" என்றேன், நானும் தரையைப் பார்த்தபடி.

ஆறு வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு இது. எதிரிக்கு எதிரி நண்பன் என்று சும்மாவா சொன்னார்கள்?

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. பழைய சண்டையை இரண்டு பேரும் தொடவில்லை. பயிற்சி முடிந்ததும் சோபாவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்போம். அந்தப் பத்து நிமிஷம் சகலை முந்தின நாள் பஸ்ஸில் நடந்ததைச் சொல்வார். தினமும் ஏறியதும் தூங்கிவிடும் ஒரு வாத்தியார் இருக்கிறாராம். அவர் இறங்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டில் ஈ காக்கை இல்லாவிட்டாலும், இவர் ஒரு ஹாரன் அடிப்பாராம். இன்றுவரை வாத்தியாருக்கு அது தெரியாதாம். நான் என் பங்குக்கு, முகத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைக் காணோம் என்று கடைக்கு வந்தவர் கதையைச் சொல்வேன். அவர் சிரித்தால் வயிறு குலுங்கும். வயிறு வாராவாரம் குறைந்தது, சிரிப்பு மட்டும் குறையவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயிற்சி பிடிக்கவில்லை. அந்தப் பத்து நிமிஷம்தான் பிடித்திருந்தது. அதற்காகத்தான் ஐந்தேகாலுக்கே அலாரம் வைத்தேன்.

அறுபதாம் நாள் வந்தது. சகலை எட்டு கிலோ குறைந்திருந்தார். என் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. டீச்சரம்மா கைதட்டி, "அடுத்து என்ன?" என்று கேட்டாள். திரையில் வரிசையாகப் படங்கள் வந்தன. குதிக்கிற பயிற்சி தொண்ணூறு நாள், குதிக்காத பயிற்சி, மூச்சுப் பயிற்சி என்று ஏதேதோ. நான் சகலையின் முகத்தைப் பார்த்தேன். அவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"பாப்போம்" என்றார்.

கல்லுளிமங்கன்! பார்ப்போம் என்றால் என்ன? நாளைக்கு வா என்றா, வராதே என்றா? வாய் திறந்து கேட்டிருக்கலாம். "நாளைக்கும் வரட்டுமா, அண்ணே?" என்று மூன்றே வார்த்தை. வரவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

கடையில் அன்றைக்கு ஒரு லென்ஸை அளவு மாற்றித் தேய்த்துவிட்டேன். யோசனை முழுக்கப் பயிற்சியில்தான். குதிக்கிற பயிற்சி என்றால் நான் கீழே போயாக வேண்டும், நர்ஸம்மா இருக்கிறாரே. குதிக்காதது என்றால் அவரவர் வீட்டில் அவரவர் செய்துகொள்ளலாம், போக ஒரு சாக்கும் இல்லை. சாக்கு இல்லாமல் போகிற அளவுக்கு நாங்கள் இன்னும் வரவில்லை. ஆகவே குதிப்பது என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் மனைவியிடம், "தொண்ணூறு நாள் குதிக்கிறது ஒண்ணு இருக்கு. அதைச் செய்யலாம்னு அண்ணிகிட்ட சொல்லிடு" என்றேன்.

"நீங்கதான் குதிகால் வலிக்குதுன்னு எண்ணெய் தேச்சுக்கிட்டு இருக்கீங்களே?"

"வலிச்சா வலிக்கட்டும். நீ சொல்லு."

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "மாமாவுக்குக் குதிக்கிறது வேண்டாமாம். குதிக்காததா ஒண்ணு தேடிட்டு இருக்காராம்."

எனக்குச் சுருக்கென்றது. இதைவிடப் பச்சையாக ஒரு மனுஷன் எப்படிச் சொல்வான்? அன்றைக்குக் கார்க் கதவைத் திறந்து இறக்கினார், இன்றைக்குக் கதவைத் திறக்காமலே இறக்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"நேராப் போய்க் கேக்க வேண்டியதுதானே?" என்றாள் மனைவி.

"அவர் வந்து கேக்கட்டும்."

"நீங்க விடாக்கண்டன், அவர் கொடாக்கண்டன். நடுவுல நானும் எங்க அக்காவும் தபால்காரங்களா? எனக்கு வேற வேலை இருக்கு."

மறுநாள் காலை என் வீட்டிலேயே குதிக்காத பயிற்சி ஒன்றைப் போட்டேன். அதற்கு மறுநாளும், அதற்கடுத்த நாளும். நர்ஸம்மா நிம்மதியாகத் தூங்கினார். டிவியில் இருந்தவன் நல்ல பையன்தான், ஆனால் அவனைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் கேட்க ஆள் இல்லாமல் யாரைத் திட்டி என்ன பிரயோஜனம்? முடிந்ததும் பழக்கதோஷத்தில் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். வேலைக்குப் போகும்போது சகலை வீட்டு வாசலில் வேண்டுமென்றே செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். உள்ளே டிவிச் சத்தம் கேட்கவில்லை. கதவும் திறக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயசில் இப்படி ஏங்குகிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஏங்கினேன்.

நாலாம் நாள், சரியாக ஐந்தே முக்காலுக்கு அழைப்பு மணி அடித்தது. நான் குதிக்கவே இல்லையே, நர்ஸம்மாவுக்கு என்ன என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

சகலை நின்றார். ஒரு கை படிக்கட்டுக் கம்பியில், ஒரு கை இடது முட்டியில். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஆறு வருஷத்தில் அவர் என் வாசலுக்கு வந்தது அன்றைக்குத்தான்.

"ஏன் வரல?" என்றார்.

"நீங்கதான் குதிக்க வேண்டாம்னுட்டீங்களே."

"குதிக்க வேண்டாம்னுதானே சொன்னேன்? உன்னை வர வேண்டாம்னா சொன்னேன்?"

"குதிக்கலைன்னா நான் இங்கயே செஞ்சுக்கலாம்ல? அதைத்தான் சொல்றீங்கன்னு..."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு யோசிப்பியாடா நீ!" என்றார். ஆறு வருஷத்துக்கு முன்னால் என்னை 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார்.

அதற்குள் என் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சகலை உட்கார்ந்து பேன்ட்டை மடித்துக் காட்டினார். முட்டி வீங்கியிருந்தது.

"கிளட்ச் மிதிக்கிற கால். நாப்பதாம் நாள்லேருந்து இப்படித்தான். தனியாப் போய் டாக்டர்கிட்ட காட்டினேன். உக்காந்து எழுந்திரிக்கலாம், நடக்கலாம், குதிக்க மட்டும் கூடாதுன்னாரு."

"நாப்பதாம் நாளா? அப்ப இருபது நாள் வலியோட குதிச்சீங்களா? ஏன் சொல்லல?"

"சொன்னா உங்க அண்ணி அன்னிக்கே டிவியை அணைச்சிருப்பா. நீயும் மேல போயிருப்ப."

என் மனைவி சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். எனக்குப் போக இடமில்லை. அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சகலை சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "நாலு நாளா இதைத்தான் தேடிட்டு இருந்தேன். குதிக்காதது ஆயிரம் இருக்கு. ஆனா எல்லாம் ஒருத்தனே செஞ்சுக்கற மாதிரிதான் இருக்கு. நீ மாடியிலயே இருந்துடுவியே. நேத்து ராத்திரிதான் இது கிடைச்சுது."

வாங்கிப் பார்த்தேன். ஒரு இளம் பையனும் பெண்ணும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்து எழுந்தார்கள். பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். அந்தப் பெண் அவனைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தாள்.

"அண்ணே, இது புதுசாக் கல்யாணம் ஆனவங்க செய்யறது!"

"அதனால என்ன? ரெண்டு பேர் வேணும், ஒருத்தனால செய்யவே முடியாது. அவ்வளவுதான் நான் பாத்தேன்."

"அண்ணிகிட்ட கேட்டிருக்கலாமே?"

"நீ வரமாட்டேன்னா கேக்கலாம்னு வச்சிருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. உள்ளே இருந்து என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீழே அக்காவுக்குப் போன் போடுவது கேட்டது.

"வந்தது வந்தாச்சு. முதல் பாடத்தை இங்கயே செஞ்சிடுவோம்" என்றார் சகலை.

போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு எதிரெதிரே நின்றோம். ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய்ந்து, இல்லாத நாற்காலியில் உட்கார வேண்டும். யார் கையை விட்டாலும் இரண்டு பேரும் விழுவோம். அவர் எண்பத்தேழு கிலோ, நான் அறுபது. உட்கார்ந்தோம். அவர் என்னை இழுத்தார், நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைப் பிடித்தேன். எப்படியோ நின்றது.

"எத்தனை நாள்ணே இது?" என்றேன், மூச்சு முட்ட.

"நூறு நாள்."

தொடை நடுங்கியது. எழுந்திரிக்கலாம் என்று போன் சொன்ன பிறகும் சகலை என் கையை விடவில்லை.

"இங்க பாரு சகலை" என்றார். "அடுத்தது எதுன்னு தொண்ணூறாம் நாளே பேசி முடிவு பண்ணிடணும். இந்த நாலு நாள் மாதிரி இன்னொரு தடவை என்னால முடியாது."