மருந்துக்கு வந்த புழுக்கள்

விதைத்த நாற்பத்தைந்தாம் நாள் காலை எட்டு மணிக்கு, மக்காச்சோளக் காட்டிலிருந்த படைப்புழுக்கள் தாமாகவே குருத்தை விட்டு இறங்கி, வரப்பின் மேல் வரிசையாக நின்று, மருந்தடிப்பவனுக்காகக் காத்திருந்தன. நாலாயிரத்துச் சொச்சம் இருக்கும். நடக்க முடிந்தவை முடியாதவற்றைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தன. முந்தப் பார்த்த ஒன்றிரண்டை மற்றவை பின்னால் அனுப்பின. மனிதர்கள் அவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்று அந்த வட்டாரத்தில் யாரும் பார்த்ததில்லை.

காரணம் சாதாரணமானதுதான். வேலையாட்கள் விலகிக்கொள்ளட்டும் என்று, இருபது வருஷமாக ஒவ்வொரு காட்டில் இறங்கும்போதும் அவன் "மருந்து வந்தாச்சு, மருந்து வந்தாச்சு" என்று குரல் கொடுப்பான். கடைக்காரர், அதிகாரி என்று எல்லோருமே அதை மருந்து என்றுதான் சொன்னார்கள். மனிதர்களுக்கு அதன் உள்ளர்த்தம் தெரியும். உடம்புக்கு முடியாமல் கிடந்த புழுக்கள் சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டன. முன்பு அதைக் குடித்தவை எதுவும் திரும்பிப் போய் விவரம் சொன்னதில்லை.

காடு அவனுடைய அக்காவுடையது. இந்த விளைச்சல் வீட்டுக்கு வந்தால்தான் அடுத்த போகம்வரை அவள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. "ஏன்டா மரம் மாதிரி நிக்கிற? அதுங்களே வந்து நிக்குது. கரும்பு தின்னக் கூலியா?" என்று அவள் அவசரப்படுத்தினாள். அவனும் மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டான். ஆனால் அப்படி என்னதான் வியாதி என்று பார்க்காமல் அவனுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. குந்தி உட்கார்ந்து, முன்னால் நின்ற புழுவை ஒரு துரும்பால் புரட்டினான். தோலுக்கு அடியில் வெள்ளையாகப் பொடிப்பொடியாக நெளிந்தன. குளவிக் குஞ்சுகள். நிமிர்ந்து பார்த்தால், சோளத் தாள்களின் மேல் எள்ளளவு குளவிகள் முட்டையிடப் புழு தேடிப் பறந்துகொண்டிருந்தன. இப்போது அடித்தால் குளவியும் சாகும், அடுத்துப் பொரிந்து வரும் புழுக்களைத் தடுக்க நாதி இருக்காது. அடிக்காமல் விட்டு, குளவி கைவிட்டால் அக்கா வீட்டில் உலை ஏறாது.

அவன் தொட்டியைக் கழற்றி வைத்தான். "இது மருந்தில்ல. விஷம். இத்தனை வருஷமா தப்பாச் சொல்லிட்டேன்" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னான். ஒரு புழுவும் நகரவில்லை. வேறு எங்கே போவது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. எனவே அவனும் பக்கத்திலேயே உட்கார்ந்தான். ஒன்பது நாள் உட்கார்ந்தான். புழுக்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஒவ்வொன்றிலிருந்தும் பத்து, இருபது குளவிகள் எழும்பிக் காட்டுக்குள் போயின. காடு பிழைத்துவிட்டது என்று தெரிந்த அன்று அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது.

பத்தாம் நாள் அக்கா வந்தாள். "அவ்வளவு நம்பி வந்துச்சுங்களே. கொஞ்சம்கூட மருந்து குடுக்கலியாடா?"

"என்கிட்ட என்னைக்குக்கா மருந்து இருந்துச்சு?"

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிச்சமிருந்த நோயாளிகளை மிதித்துவிடாமல் வரப்பைத் தாண்டி, கதிர் பிடித்திருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.