நாத்தனார் ஓட்டிய படகு

பாயைத் தளர்த்தச் சொன்னால் நாத்தனார் இழுத்துக் கட்டினாள். படகு ஒரு பக்கமாகச் சாய, உள்ளே சமையல் மூலையில் தட்டுகள் சரிந்து விழுந்தன. "இதுல பிரேக்குன்னு ஒண்ணு வச்சிருக்கக் கூடாதா அண்ணி?" என்றாள். ஊரில் பஸ் ஓட்டுகிறவள். வழிவிடாத லாரிக்காரனையும் ஒரு பார்வையில் ஒதுங்க வைப்பாள் என்று பேர். கடல்தான் அவளுக்கு ஒதுங்கவில்லை. கிளம்பிய அன்றே குடலைப் புரட்டி எடுத்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சுக்கானைப் பிடித்தாள்.

குளிர்காலம் வந்துவிட்டால் அண்ணியும் அவள் புருஷனுமாகப் படகை எடுத்துக்கொண்டு வெயில் இருக்கிற தீவுகள் பக்கம் போய்விடுவது வழக்கம். பிள்ளைகள் இல்லாத வீட்டைப் பூட்ட எவ்வளவு நேரமாகும்? இந்த வருஷமும் அப்படித்தான் போனார்கள். ஒரு காலையில் நீந்தப் போனவர் கரையேறி, "நெஞ்சு என்னமோ பண்ணுது" என்று மணலில் உட்கார்ந்தார். அவள் துண்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அங்கேயே எரித்து, சாம்பலை அந்தக் கடலிலேயே கரைத்தாயிற்று. படகு மட்டும் மிஞ்சியது. அவளுக்குக் கயிறும் பாயும் தெரியும். தனியாக அவ்வளவு தூரம் ஓட்டத் தெம்பில்லை. என்ன செய்வதென்று விழித்துக்கொண்டிருந்தபோதுதான் நாத்தனார் ஒற்றைப் பையோடு வந்து இறங்கினாள். அம்மாவின் சாவு வீட்டில் வார்த்தை தடித்துப்போனதிலிருந்து அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசாதவள். அழவில்லை, கட்டிக்கொள்ளவில்லை. "நீங்க சொல்லுங்க, நான் ஓட்டுறேன்" என்றாள்.

வழியெல்லாம் காற்றைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியுமே பேசினார்கள். கடைசி நாள் மத்தியானம் ஊர்க்கரை மங்கலாகத் தெரிந்தபோது குளிர் ஏறத் தொடங்கியது. அவள் உள்ளே போய்க் கணவரின் கம்பளிச் சட்டையை எடுத்து வந்து நீட்டினாள். நாத்தனார் அதை மாட்டிக்கொண்டாள். கை நீளம் விரல்களை மூடியது. மடித்துவிட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணன் என்னப் பத்தி எப்பவாச்சும் பேசுவானா?"

தங்கை பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுகிற மனுஷன் அவர். அவளே இரண்டொரு முறை வாயைத் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

"பேசுவாரே" என்றாள். சொன்ன வேகமே காட்டிக்கொடுத்துவிட்டது.

"பேசியிருக்க மாட்டான். அவன் பிடிவாதம் எனக்குத் தெரியாதா." நாத்தனார் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இருந்தாலும் சொல்லுங்க அண்ணி. ஏதாவது சொல்லுங்க."

அவள் பாய்க்கயிற்றைக் கையில் சுற்றியபடி யோசித்தாள். "உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தத சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. நீ விழுந்து விழுந்து எழுந்தத."

நாத்தனார் திரும்பினாள். உதடு கோணியது. சிரிப்பா வேறெதாவதா என்று சொல்ல முடியவில்லை. "அவனா எனக்குக் கத்துக்குடுத்தான்? நான்தான் அவனுக்குக் கத்துக்குடுத்தேன். சைக்கிள்னா அப்படி ஒரு பயம் அவனுக்கு. நான் பின்னாடியே பிடிச்சிக்கிட்டு ஓடணும். விட்டுட்டியா, விட்டுட்டியான்னு கத்திக்கிட்டே போவான். வெளிய சொன்னா கொன்னுடுவேன்னான். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல."

இத்தனை வருஷம் கூடவே படுத்து எழுந்தவர், புயலில் பாய் கிழிந்தபோதுகூட முகம் மாறாதவர், விட்டுட்டியா விட்டுட்டியா என்று கத்திக்கொண்டு போனாராம். மணலில் உட்கார்ந்தபோது அவர் தன்னைத்தான் பார்த்தார் என்பது அவளுக்கு அப்போது உறைத்தது. துண்டு எடுக்க ஓடியிருக்க வேண்டாம். அவள் கயிற்றோடு அப்படியே குனிந்துகொண்டாள். நாத்தனார் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவள் முதுகில் வைத்தாள். எடுக்கவேயில்லை.

வெயில் தாழ்ந்தபோது துறைக்குள் நுழைந்தார்கள். பாயை இறக்கி, எஞ்சினில் மெல்ல நெருங்கினார்கள். துறைக் காவலர், வருஷா வருஷம் கயிற்றை வாங்கிக் கட்டுகிறவர், இவர்களைப் பார்த்ததும் விளிம்புக்கு வந்தார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"வாங்கம்மா. என்ன, இந்தத் தடவ ஆள மாத்திட்டீங்க? ஐயா உள்ள தூங்குறாரா?"

அவள் கயிற்றை வீசினாள். அவர் அதை லாகவமாகப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையோடு, சிரிப்பு மாறாமல் குனிந்து, படகின் உள்ளறைக் கதவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.