இஸ்தோப்புச் சுவரில் மல்லிகா

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குள் வரிசையாக இருக்கும் வீடுகளில், மற்றவர்களுக்கு இஸ்தோப்பு என்றால் ஆடு கட்டுகிற இடம், விறகு அடுக்குகிற இடம். நான் அப்படி விடவில்லை. என் தம்பி இருளப்பன் கல்யாணம் கட்டிய வருஷமே அந்த முன்தாழ்வாரத்தைச் சுற்றிப் பலகை அடித்து, கதவு வைத்து, ஓர் அறையாக்கிவிட்டேன். வந்தவர்கள் உட்கார்ந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க வேண்டாமா? பெரிய துரை வீட்டில் ஹோல் இருக்கிறதென்றால் எங்களுக்கும் ஒரு ஹோல் இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த ஹோலை ஒரே வாரத்தில் புதுசாக்க வேண்டி வந்தது. தம்பி பெண்சாதி மல்லிகா குவைத்திலிருந்து வருகிறாள் என்று தகவல் வந்திருந்தது. ஏழு வருஷத்துக்கு முன் வீட்டு வேலைக்குப் போனவள். அவள் போனபோது மகள் தனுஜா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு என் இடுப்பில் ஏறியவள்தான். சோறு ஊட்டியது நான், பேன் பார்த்தது நான், காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான். எனக்கும் ஒருவன் தாலி கட்டினான், நிலைக்கவில்லை. அந்தக் கதை இப்போது வேண்டாம். எனக்குப் புள்ளை என்றால் தனுஜாதான்.

பெற்றவள் வருகிறாள் என்றதும் லயமே சந்தோஷப்பட்டது. நான் மட்டும் அவள் எத்தனை நாள் தங்குவாள் என்று கணக்குப் போட்டேன். உள்ளதைத்தான் சொல்கிறேன், எனக்கென்ன பயம்? இரண்டு மாச லீவில்தான் வருகிறாள் என்று இருளப்பன் சொன்னபிறகுதான் மூச்சே வந்தது. இரண்டு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டால் போதும், அவள் விமானம் ஏறிவிடுவாள், புள்ளை மறுபடி என் புள்ளை. வாயில் மட்டும், “பாவம், இன்னுங் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகலாமே” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் வருகிறவள் என்னை ஒரு குறை சொல்லிவிடக் கூடாது. “என் புள்ளைய இந்தக் குப்பைக்குள்ளயா வளத்தீங்க?” என்று கேட்டுவிட்டால் நான் நாண்டுகொண்டு சாக வேண்டியதுதான். அதனால் கொழுந்து பறிக்கப் போய் வந்த கையோடு தினமும் அந்த ஹோல் வேலையில் இறங்கினேன்.

சுண்ணாம்பில் நீலம் கலந்து பூசினேன். இந்த மழை ஊரில் சுவரின் கீழ்ப்பாதி எப்போதும் ஊறி உதிரும். அந்த இடத்துக்குக் கோணிச் சாக்கைப் பிரித்துத் துவைத்து, பழைய சேலைக் கரையை ஓரம் வைத்துத் தைத்து, நீளமாக அடித்தேன். குருவிட்ட டவுனில் தையல் கடையும் டெலிபோனும் வைத்திருக்கும் றமீலா ஒரு பை நிறைய வெட்டுத்துணி கொடுத்தாள். பட்டு, வெல்வெட், சீத்தை என்று எல்லாம் கலந்து கிடந்தது. அவற்றை ஒட்டுப்போட்டுக் கதவுக்குத் திரையாக்கினேன். மல்லிகா அனுப்பி, ஆசையில் பிரிக்காமலே வைத்திருந்த மயில் போட்ட குவைத் போர்வையை பெஞ்சின் மேல் விரித்தேன். சாக்குக்குப் பக்கத்தில் அந்தப் போர்வை பளபளவென்று கிடந்தது. “ஷோக்கா இருக்கு அத்தை, பெரிய பங்களா மாதிரி” என்று தனுஜா அதன் மேலே விழுந்து புரண்டாள். முதுகில் ஒன்று வைத்து எழுப்பினேன்.

மிச்சச் சுவரெல்லாம் அவளுடைய சித்திரம்தான். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறுவாள். கலர் பென்சில் தீர்ந்தால் மஞ்சள்தூள், அடுப்புக்கரி, வீட்டில் எது கையில் அகப்பட்டாலும் சரி. கோதுமை மாப் பசை காய்ச்சி ஒவ்வொன்றாக ஒட்டினேன். மலைப் பீலியில் கொட்டுகிற தண்ணியில் நான் குளிப்பது, நான் கூடை சுமப்பது, நான் இருளப்பனைத் திட்டுவது. திட்டுகிற படத்தில் என் வாயை இவ்வளவு பெரிதாகக் கீறியிருந்தாள், கழுதை. அதையும் ஒட்டினேன்.

ஒழுகாத சுவர் ஒன்றுதான் உண்டு. அதில் செத்துப்போன எங்கள் அப்பா காத்தமுத்துவின் படமும் அம்மாவின் படமும் தொங்கின. பக்கத்திலேயே மல்லிகாவின் படம். பாஸ்போட்டுக்கு எடுத்ததை இருளப்பன் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

மல்லிகா வருகிற அன்று காலையில் செவ்வந்தி கோத்து அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாலை போட்டு, கண்ணாடியில் குங்குமப் பொட்டும் வைத்தேன். நல்லது கெட்டது எதுவானாலும் செத்தவர்களை மறக்க மாட்டோம். மிச்சப் பூவைத் தனுஜாவிடம் கொடுத்து, “தலைக்கு வச்சுக்கடி” என்று சொல்லிவிட்டு ஆலாத்தி கரைக்க அடுப்படிக்குப் போனேன்.

நாட்டில் சண்டை நின்றிருந்த காலம் அது. வழியில் ஆமி மறிப்பு ஒன்றும் இல்லாததால், இருளப்பன் விமான நிலையத்துக்குக் கொண்டுபோன வேன் சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. லயமே ரோட்டுக்கு ஓடியது. பக்கத்து வீட்டுச் சுப்பம்மா என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி ஆலாத்தி சுற்றினாள். மல்லிகா மெலிந்திருந்தாள். முன்தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் “மதினி” என்று காலில் விழப்போனாள். பிடித்துத் தூக்கி, “வா, உள்ள வா, வந்து ஹோலப் பாரு” என்று பெருமையாகத் திரையை விலக்கினேன்.

அவள் வலது காலை உள்ளே வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

சுவரில் மூன்று மாலைகள் தொங்கின. மல்லிகாவின் படத்துக்கும் செவ்வந்தி மாலை, நெற்றியில் கண்ணாடிக்கு மேலே அப்பிய குங்குமம். மாமனார், மாமியார், அடுத்தது இவள்.

“ஐயையோ! உசுரோட வந்து நிக்கிறவளுக்கு மாலையா!” என்று சுப்பம்மா அலறிய அலறலில் வெளியே நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

கதவோரம் நின்ற தனுஜாவின் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்தேன். “அடிப்பாவி, வாசப்படி மிதிக்கிறப்பவே என்னடி செஞ்சு வச்சிருக்க?”

“ஏன் அத்தை திட்டுறீங்க?” அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. “தாத்தாவுக்கும் அப்பத்தாவுக்கும் மட்டும் போட்டா அம்மா பாத்துக்கிட்டே இருப்பாங்கல்ல? அதான் நானே கோத்துப் போட்டேன். நல்லாதான இருக்கு?”

கையை ஓங்கிவிட்டேன். மல்லிகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிக்காதீங்க மதினி. புள்ள சரியாத்தான் போட்டிருக்கு. இத்தன வருசமும் நான் சுவத்துலதான இருந்தேன்?”

இருளப்பன் சூட்கேசை முக்காலி மேல் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

மல்லிகா முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைச் சுற்றிப் பார்த்தாள். “எல்லாம் இவ கீறினதா?” என்று ஒவ்வொரு சித்திரமாகக் கிட்டப் போய்ப் பார்த்தாள். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றிலும் நான்தான் இருந்தேன். கடைசியில் ஒரு மூலையில் கண்டுபிடித்தாள். நான், தனுஜா, இருளப்பன் மூவரும் சோறு தின்கிற படம். எங்கள் தலைக்கு மேலே ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு பொம்பளை, கழுத்து வரைக்கும்.

“இது நானா? எனக்குக் கை கால் இல்லையா?”

தனுஜா என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னிடம்தான் சொன்னாள். “போட்டோவுல இல்லையே, அத்தை.”

நான் ஆசைப்பட்டது இதற்குத்தானே? பெற்றவள் எதிரில் நிற்கும்போது புள்ளை என் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றுதானே? நின்றது. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பெற்ற வயிறு என்ன பாடு படும் என்றுதான் நினைப்பு ஓடியது.

“போட்டத நீயே எடுடி” என்றேன்.

முக்காலியில் சூட்கேஸ் இருந்ததால் அவளுக்கு எட்டவில்லை. “தூக்கவா?” என்று மல்லிகா மெதுவாகக் கேட்டாள். தனுஜா என் முகத்தைப் பார்த்தாள். அம்மாவிடம் போக என்னிடம் அனுமதி கேட்கிறாள்! “போடீ” என்று தள்ளிவிட்டேன்.

எட்டு வயதுப் புள்ளையை மல்லிகா இடுப்பில் ஏற்றித் தூக்கினாள். தனுஜா மாலையை எடுத்தாள். படத்தையும் கழற்றச் சொன்னேன், கழற்றி என்னிடம் நீட்டினாள். பிறகு ஞாபகம் வந்தவளைப் போலச் சொன்னாள்:

“ஆணியப் புடுங்கிறாதீங்க அத்தை. அம்மா போனதும் மறுபடி மாட்டணும்ல.”

துக்கமாக ஒன்றும் சொல்லவில்லை. மழை வருது, விறகை எடுத்து வை என்பதைப் போலச் சொன்னாள். மல்லிகா புள்ளையை இறக்கவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இருளப்பன் மகளின் முதுகைத் தட்டினான். “அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கும்மா. அம்மா இன்னும் ஒரு தடவ போய்ட்டு வந்தா நமக்குன்னு ஒரு வீடு கட்டிரலாம்.”

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! “வீடு கட்டி அதுல யார்டா குடியிருக்கப் போறது? இவ படத்தயா கொண்டுபோய்க் குடி வைக்கப் போற? காசு சல்லின்னு இவள அனுப்பினது போதும்டா!” என்று கத்தினேன். அதே மூச்சில் மல்லிகாவின் பக்கம் திரும்பினேன். “நீ போகாத. புள்ள ஒன்னுது மல்லிகா. நான் வளத்தேன், அவ்வளவுதான். கொழுந்துக்குப் போனா நாலு பேரும் கஞ்சியாவது குடிக்கலாம். போகாத.”

சொல்லிவிட்டேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் ஏதோ என் உடம்பிலிருந்தே அறுத்துக் கொடுத்ததைப் போல அழுகை வந்துவிட்டது.

“நெசமாத்தான் சொல்றீங்களா, மதினி?”

“பின்ன? பொய் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?”

மல்லிகா புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. “சுத்தியல் இருக்கா?” என்றாள்.

சுப்பம்மா வீட்டிலிருந்து வந்தது. புள்ளையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறுகையால் ஆணியைத் தட்டி நெம்பினாள். துருப்பிடித்த பழைய ஆணி. கழன்றபோது உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பும் சாந்தும் பெயர்ந்து குவைத் போர்வை மேல் கொட்டியது. ஒரு வாரமாக நான் பார்த்துப் பார்த்துச் செய்த சுவர்! வேறு நாளாயிருந்தால் ஏழு லயத்துக்குக் கேட்கும்படி கத்தியிருப்பேன்.

தனுஜா அந்தப் பொத்தலைப் பார்த்தாள். பிறகு தன்னைத் தூக்கிக்கொண்டிருந்தவளின் முகத்தை, முதல் தடவையாக, கிட்டத்தில் பார்த்தாள்.

“அப்ப நீங்க எங்க படுப்பீங்க?”

மல்லிகா என்னைப் பார்த்தாள். அவள் குவைத்துக்குப் போன நாளிலிருந்து அந்தப் புள்ளை என் வயிற்றைக் கட்டிக்கொண்டுதான் தூங்கும்.

“ஒன் பக்கத்துலதான்டி” என்றேன். “அத்தை இந்த பெஞ்சில படுத்துக்குவேன்.”