நிறுத்தத் தெரியாத மெட்டு

முதல் ஆறு வாரம் கொரெட்டியின் குழலிலிருந்து சத்தமே வரவில்லை. காற்றுதான் வந்தது. அதுவும் முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு மணி நேரம் கிழடுகளைத் தூக்கி, கழுவி, உட்காரவைத்து, படுக்கவைத்த பிறகு மிச்சமிருந்த காற்று. ஐம்பத்தேழு வயதில் யாராவது குழல் கற்க இறங்குவார்களா? அவளும் ஆசைப்பட்டு இறங்கவில்லை.

குழல் அவள் கணவன் மலக்கியுடையது. கருமரத்தில் கடைந்தது. அவர்கள் ஊரான ஸ்லைகோ பக்கத்தில் அவன் முகம் தெரியாதவர்களுக்குக்கூட அவன் வாசிப்பு தெரியும். போன வருஷம் பிப்ரவரியில் பக்கவாதம் வந்து வாயின் இடப்பக்கம் கோணிக்கொண்டது. நடை திரும்பியது. பேச்சு பாதி திரும்பியது. உதடு மட்டும் குவியவில்லை. அதோடு அவன் வெளியே போவதை நிறுத்திவிட்டான். யாராவது பார்க்க வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வான். பதினான்கு மாதமாக அவன் குரலைக் கேட்டவள் கொரெட்டி ஒருத்திதான். கேட்டதும் பெரும்பாலும் வசவு.

மரக்குழலை ஊதாமல் வைத்தால் காய்ந்து வெடித்துவிடும். அது வெடித்தால் இந்த மனுஷன் எழுந்திருக்கவே மாட்டான் என்று அவளுக்குப் பட்டது. அதனால்தான் எடுத்து ஊதினாள்.

"கெட்டில் கொதிக்குது, போய் இறக்கு" என்று உள்ளறையிலிருந்து குழறினான் மலக்கி.

"நான்தான் ஊதறேன்."

"தெரியும்."

மதிய இடைவேளையில் காரில் உட்கார்ந்து ஊதினாள். நாலு ஊதலுக்கு ஒரு தடவை தலை சுற்றும். ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொள்வாள். கூட வேலை செய்யும் டிம்ப்னா ஒரு நாள் கண்ணாடியைத் தட்டினாள். "உயிரோடதான் இருக்கியா? உள்ள இருக்கிற தொண்ணூறு வயசுங்க எல்லாம் உன்னைவிடத் தெம்பா இருக்குங்க."

ஃபொன்சி என்ற பிடில்காரர் வாராவாரம் அவளைக் கடைத்தெருவில் நிறுத்தி மலக்கியை விசாரிப்பார். ஞாயிறு மதியம் கில்லோரன் பப்பில் கூடி வாசிக்கிற கூட்டத்துக்கு அவர்தான் தலை. கொரெட்டி சாப்பாட்டு மேஜையில் இந்தப் பேச்சை எடுத்தாள்.

"ஒரே ஒரு தடவை வாயேன். சும்மா உட்கார்ந்து கேட்டுட்டு வரலாம்."

"நீ ஒரு மெட்டை முழுசா அங்க வாசிக்கிற அன்னிக்கு வர்றேன்" என்றான் மலக்கி. இந்த ஜன்மத்தில் நடக்காது, தொல்லை விட்டது என்று நினைத்துத்தான் சொன்னான். அவளோ அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவனை ஆட்களுக்கு நடுவில் கொண்டுவந்து உட்காரவைக்க அவள் கையில் வேறு வழி எதுவும் இருக்கவில்லை.

இருப்பதிலேயே எளிய நடன மெட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். நோயாளிகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த வலது தோள், குழலைத் தூக்கவும் மறுத்தது. தூக்கினாள். குளிர்காலம் போய், மார்ச் போய், ஏப்ரலில் ஒரு மாலை சமையலறையில் நின்று மெட்டை இரண்டு சுற்று தடுக்காமல் வாசித்து முடித்தாள். உள்ளறையிலிருந்து, "ரெண்டாம் பாகத்துல நடுவுல மூச்சு எடுக்காத" என்று மட்டும் வந்தது.

கொரெட்டி லீவு கேட்டு வாங்கிய ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் சவரம் செய்துகொண்டு வந்தான். இடது கன்னத்தில் பாதி விட்டுப்போயிருந்தது. கொரெட்டி அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பப்பில் ஜன்னலோரம் ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மலக்கி வட்டத்துக்கு வராமல், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு கதவோர முக்காலியில் உட்கார்ந்தான். யாரும் ஓடிவந்து கையைப் பிடிக்கவில்லை, நலம் விசாரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மரியாதை என்றால் அதுதான்.

"கொரெட்டி, நீ ஆரம்பிம்மா" என்றார் ஃபொன்சி.

"எனக்கு மெதுவாத்தான் வரும்."

"ஆரம்பிக்கிறவங்க மெட்டு, ஆரம்பிக்கிறவங்க வேகம். எவனாவது உன்னை முந்தினா அவனுக்கு இங்க இடமில்ல."

முதல் ஸ்வரம் வெறும் காற்றாகப் போனது. இரண்டாவது பிடித்தது. நாலாவதில் ஃபொன்சியின் பிடில் அவள் குழலோசைக்கு அடியில் வந்து சேர்ந்தது. அடுத்த வரிக்குள் ஏழு பேரும் சேர்ந்துவிட்டார்கள். இத்தனை மாதம் தனியாகவே ஊதியவளுக்கு எது தன் சத்தம், எது அவர்கள் சத்தம் என்று தெரியாமல் போயிற்று.

மூன்று சுற்று ஆனது. நாலு ஆனது. யாரும் நிறுத்தவில்லை. இவர்கள் நிறுத்தினால் நாமும் நிறுத்தலாம் என்று அவள் ஊதிக்கொண்டிருந்தாள். ஐந்து. எல்லோரும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொடங்கியவர்தான் முடிக்கவேண்டும். கடைசிச் சுற்றில் அவர் காலை லேசாகத் தூக்கினால், இதோடு சரி என்று அர்த்தம். அதற்கு முன்னால் மற்றவர்கள் நிறுத்தினால், உன் வாசிப்பு போதும் என்று முகத்துக்கு நேரே சொன்னதுபோல. புதியவளிடம் அதைச் செய்ய எவருக்கும் மனசு வராது. முப்பது வருஷம் வாசிப்புக்காரனின் மனைவியாக இருந்தும் கொரெட்டிக்கு இது தெரியாது. அத்தனை ஞாயிறும் அவளுக்கு மதிய டியூட்டி. அவனை வாசலில் இறக்கிவிட்டுப் போவாள், வேலை முடிந்து வந்து ஏற்றிக்கொள்வாள்.

ஆறு. ஏழு. உதடு மரத்துவிட்டது. தோள் எரிந்தது. இதுவும் டியூட்டி மாதிரிதான், மாற்று ஆள் வரும்வரை விடமுடியாது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எட்டாவது சுற்றில் முக்காலி ஒன்று தரையில் கிறீச்சிட்டது.

"போதும்! காலைத் தூக்குடி! காலை!"

குழறிய குரல், ஆனால் கடை முழுக்கக் கேட்டது. எந்தக் கால், எதற்கு என்று ஒன்றும் புரியாமல் கொரெட்டி இரண்டு காலையும் தூக்கினாள். சுற்று முடிந்த இடத்தில் எல்லாம் ஒன்றாக நின்றது.

"பதினாலு மாசம் கழிச்சு வாயைத் தொறந்தான்" என்றார் ஃபொன்சி. "அதுவும் பொண்டாட்டியைத் திட்டறதுக்கு!"

கடையே சிரித்தது. மலக்கி நின்றுகொண்டிருந்தான். "எட்டு சுத்து, ஃபொன்சி! மனுஷனா நீ? அவ செத்துப்போயிருப்பா!"

"அவ நிறுத்தல, நான் என்ன பண்ணட்டும்? நீ அங்க நின்னு கத்தாம இங்க வந்து கத்து."

வட்டத்தில் ஒரு நாற்காலி நகர்ந்து இடம் விட்டது. மலக்கி போய் உட்கார்ந்தான். வாய் கோணியது, எச்சில் தெறித்தது, அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பேசினான். கொரெட்டி குழலை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஒரு மணி நேரம் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அது பெரிய சுகமாக இருந்தது.

திரும்பிப் போகக் காரில் ஏறி உட்கார்ந்ததும் அவன், "அந்த மெட்டோட இன்னொண்ணு சேர்த்து வாசிக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கத்துக்கோ" என்றான்.

நாளைக்கு ஆறு மணிக்கு டியூட்டி என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"காலைத் தூக்கணும்னு ஏன் சொல்லித் தரல?"

மலக்கி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீ அது வரைக்கும் வருவேன்னு நான் நெனைக்கவே இல்ல, கொரெட்டி."

அவளுக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். கோபப்படத் தெம்பில்லை, அழுகைதான் வந்தது. அவன் தோளுக்கு மேலே கையை நீட்டி, இல்லத்தில் தினமும் கிழடுகளுக்குச் செய்வதுபோல் அவனுடைய சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டு, வண்டியை எடுத்தாள்.