காலி சொல்லாத காலை

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவன் 'காலி'. காலித்தனம் செய்து வாங்கிய பட்டம் இல்லை. மைக்ரோவேவ் அடுப்போ வாஷிங் மெஷினோ, எதைப் பிரித்தாலும், மூடியைக் கழற்றிய கையோடு உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டரின் இரண்டு முனைகளையும் ரப்பர் பிடி போட்ட ஸ்குரூ டிரைவரால் ஒருசேரத் தொடுவான். தொட்டதும் பஸ் கண்டக்டர் 'ரைட்' சொல்வதுபோல "காலி!" என்று கத்துவான். உள்ளே தேங்கிக் கிடந்த மின்சாரம் தீர்ந்தது, இனிமேல் கை வைக்கலாம் என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முன்னால் விசாரிக்க வந்த மாமனார், "மாப்பிள்ளையை ஊரே காலிங்குதே" என்று அரண்டுபோய்ப் பாதி வழியில் திரும்பினார் என்பது அந்த வீட்டில் இன்றைக்கும் ஓடுகிற கேலி.

அன்று முற்பகல் அவன் ஒரு சலவைக் கடையில் இருந்தான். பெரிய மெஷின் ஒன்று உறுமியது, தொட்டி மட்டும் சுற்றவில்லை. பிரிக்காமலே சொல்லிவிடலாம். மோட்டார் கிளம்ப முதலில் ஒரு தள்ளு வேண்டும். அந்தத் தள்ளைக் கொடுக்கிற கெபாசிட்டர் படுத்துவிட்டால் மோட்டார் முனகிக்கொண்டே கிடக்கும். அவன் பின்பக்கத் தகட்டைக் கழற்றினான், இரண்டு முனைகளையும் தொட்டான்.

"காலி!"

"ஐயையோ, என்னண்ணே காலி? என் மெஷினா?" என்று பதறினாள் சலவைக் கடைக்காரி.

அவன் கையில் ஸ்குரூ டிரைவர் அப்படியே நின்றது. காலையில் வீட்டில் அந்த அடுப்பைப் பிரித்தோமே, அப்போது காலி சொன்னோமா?

வீட்டின் ஓரத்து அறைதான் அவன் பட்டறை. யாரோ கொண்டுவந்து போட்ட மைக்ரோவேவ் அடுப்பு மேசைமேல் இருந்தது. தட்டு சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, பால் மட்டும் சுடவில்லை என்று புகார். காலையில் அதை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தான். பிளக்கைப் பிடுங்கினான். மூடியைக் கழற்றினான். அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வந்தார்.

மாமனாரின் கை சும்மா இருக்கிற கை இல்லை. பஸ் டெப்போவில் டயர் மாட்டியே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற பிறகு டயருக்குப் பதிலாக மகள் வீட்டுச் சாமான்கள் அவரிடம் சிக்கின. போன வாரம்தான் நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைப் 'பார்க்கிறேன்' என்று பிரித்து, ஒரு டையோடைத் திருப்பி மாட்டி வைத்தார். டையோடு ஒருவழிப் பாதை, மின்சாரத்தை ஒரு பக்கமாகத்தான் போகவிடும். திருப்பி மாட்டினால் ரேடியோ எப்படிப் பாடும்? ஊமையாகிவிட்டது.

"மாப்ள, இந்தத் தகர டப்பா எதுக்கு?" என்று அடுப்புக்குள் இருந்த கெபாசிட்டரை நோக்கி விரலை நீட்டினார்.

"மாமா, நீங்க எதுலயும் கை வைக்காம இருந்தாலே இந்த வீட்ல பாதி ரிப்பேர் குறையும்!"

மாமனார் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். "பிளக்கைத்தான் புடுங்கிட்டீங்களே" என்று முனகிவிட்டு வெளியே போனார். அதே நேரம் சலவைக் கடையிலிருந்து போன். அவன் பையை எடுத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினான்.

இதெல்லாம் கண்ணாடிபோல ஞாபகம் இருந்தது. ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் தொட்டதும் கத்தியதும் மட்டும் எவ்வளவு கிளறினாலும் அகப்படவில்லை.

மாமனாருக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு நேரம்வரை அவள் போன் அலமாரிக்குள் தூங்கும். வீட்டில் மாமனார் மட்டும்தான். அவரும், திறந்து கிடக்கும் அந்த அடுப்பும்.

"ஒரு மணி நேரம் குடும்மா, வந்துடறேன்."

"துணியெல்லாம் தண்ணில கிடக்குண்ணே!" என்ற குரல் முதுகில் விழும்போது அவன் தெருவில் இருந்தான்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்தான், எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். அந்தக் கெபாசிட்டருக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் உண்டு. மின்சாரம் ஓடுகிற வேகத்தை மட்டுப்படுத்துவது ரெசிஸ்டரின் குணம். இங்கே அதற்கு வேறு வேலை. பிளக்கைப் பிடுங்கியதும், தேங்கியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் வழியே கசியவிட்டுத் தீர்த்துவிடும். இவ்வளவு நேரத்தில் எப்போதோ தீர்ந்திருக்கும். அப்பாடா என்று சாய்ந்தான்.

சாய்ந்தவன் உடனே நிமிர்ந்தான். ரெசிஸ்டர் அறுந்திருந்தால்? அறுந்தால் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அடுப்பு சூடாகாமல் கிடந்ததால், சேர்ந்த மின்சாரம் செலவாக வேறு வழியும் இல்லை. இரண்டாயிரம் வோல்ட்டுக்குக் குறையாமல் அந்தத் தகர டப்பா சாது மாதிரி உட்கார்ந்திருக்கும். ஃப்யூஸ் இருக்கிறதே என்று கேட்டது மனசு. ஃப்யூஸ் நல்ல பிறவிதான், மின்சாரம் எகிறினால் தான் செத்து மற்றவர்களைக் காப்பாற்றும். ஆனால் அது சுவரிலிருந்து வருகிற மின்சாரத்துக்குத்தான் காவல். திருடன் உள்ளே படுத்திருக்கும்போது வாசலில் பூட்டு தொங்கி என்ன பிரயோசனம்?

"என்ன சார், சீட்ல முள்ளு இருக்கா?" என்றார் கண்டக்டர். நாலு பேர் சிரித்தார்கள். அவன் மறுபடி போன் போட்டான். மணி அடித்தது.

தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தருகே பஸ் நின்றது. நின்றது நின்றதுதான். ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. அவன் குதித்து இறங்கி ஓட ஆரம்பித்தான். ஓடத் தெரியாதவன் ஓட்டம். பைக்குள் சாமான்கள் கடகடவென்று மோதின, செருப்பு ஒரு பக்கம் வழுக்கியது.

பிளக்கைத்தான் புடுங்கிட்டீங்களே. அந்தக் குரல் கூடவே ஓடிவந்தது. பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் செத்தது என்றுதானே ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள்? அவருக்கு யார் சொன்னார்கள்? ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு அந்த மனுஷன் நூறு தடவை "இது எதுக்கு மாப்ள?" என்று கேட்டிருப்பார். நூறு தடவையும் இவன் "விடுங்க மாமா" என்றான். டயர் மாட்டுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்ற திமிர், வேறென்ன? கடைசியாகத் தான் அவரிடம் பேசியது காலையில் எறிந்த அந்த வார்த்தையாகவே நின்றுவிட்டால், அவர் மகளின் முகத்தில் எப்படி விழிப்பது? அவனுக்குப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

வாசல் கதவு திறந்தே கிடந்தது. படியேறும்போது இன்னொரு தரம் போன் போட்டான். வீட்டுக்குள் மணி அடித்தது. கூடத்தில் இல்லை. பட்டறையிலிருந்து.

அவன் செருப்போடு உள்ளே பாய்ந்தான்.

பட்டறைக் கதவு சாத்திப் பூட்டியிருந்தது. பூட்டுக்கு முன்னால் நாற்காலியைக் குறுக்கே போட்டு, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானா விடாம அடிக்கிறது? காலையில போனை மேசைமேல வெச்சேன். உள்ளயே மாட்டிக்கிச்சு."

அவனுக்கு மூச்சு வாங்கியது. "மாமா... அந்த அடுப்பைத் தொட்டீங்களா?"

"தொடல." மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க இன்னிக்குக் காலி சொல்லல மாப்ள."

மாமனார் பட்டறைச் சுவரைத் தலையால் காட்டினார்.

"தெனமும் இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் பேப்பர் படிக்கிறேன். மூடி கழட்டற சத்தம் கேக்கும், அப்புறம் காலி. இன்னிக்கு மூடி கழண்டுது, நான் வந்து தொலைச்சேன், நீங்க திட்டினீங்க, கிளம்பிட்டீங்க. காலி வரவே இல்ல. அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அதைச் சொல்லாம நீங்க கை வெச்சு நான் பாத்ததில்ல."

"அதுக்காகப் பூட்டிட்டீங்களா?"

"என் கையப் பத்தி எனக்குத் தெரியாதா? பூட்டி, சாவிய மாடிவீட்டு அம்மாகிட்ட குடுத்துட்டேன். மாப்ள வந்து கேட்டாத்தான் குடுக்கணும், நானே வந்து கெஞ்சினாலும் குடுக்காதீங்கன்னு சொல்லிட்டேன். அப்புறம்தான் போன் ஞாபகம் வந்துச்சு. போய்க் கெஞ்சினேன். குடுக்கலையே மகராசி!"

அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. மாடிக்குப் போய்ச் சாவியை வாங்கிவந்து கதவைத் திறந்தான். அடுப்பு விட்டுப்போனபடியே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ஸ்குரூ டிரைவரை எடுத்து இரண்டு முனைகளையும் தொட்டான்.

டப்!

நீலமாய் ஒரு பொறி பறந்தது. ஸ்குரூ டிரைவரின் நுனியில் கரிந்த குழி விழுந்திருந்தது. உள்ளே இருந்த ரெசிஸ்டர் அறுந்துதான் போயிருந்தது. இவ்வளவு நேரமும் அந்த மின்சாரம் அங்கேயேதான் காத்திருந்திருக்கிறது. அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

மாமனார் நிலைப்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க மாமா. காலையில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அந்தத் தகர டப்பா எதுக்குன்னு கேட்டீங்கல்ல, வாங்க, சொல்றேன்."

அவர் அசையவில்லை.

"நீங்க இன்னும் சொல்லலையே மாப்ள."

அவன் எழுந்து நின்று செருமிக்கொண்டான்.

"காலி" என்றான்.

மாமனார் அக்குளிலிருந்து கைகளை எடுத்துக்கொண்டு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார்.