ஒரு தட்டு பின்னால்

காதுக்குள் டிக் டிக் என்று கணினி தாளத்தை எண்ணிக்கொண்டே போகிறது, அதற்கு ஒரு தட்டு பின்னால் பாடுகிற செல்வின் அண்ணன் குரல் வருகிறது, மூச்சு வாங்கிக்கொண்டு, காங்கோ மேளத்தின் தோல் மேல் என் கைகள் யாருடன் போவது என்று தெரியாமல் தவிக்கின்றன, இது பெங்களூர் மேடையா, இல்லை அவர் என்னை முதன்முதலாகக் கூப்பிட்ட கோடம்பாக்கம் ஸ்டுடியோவா, அங்கே நான் யார் யாருடைய பாட்டுக்கோ தட்டிவிட்டு, கிலுகிலுப்பை ஆட்டிவிட்டு, அடுத்த ஸ்டுடியோவுக்கு ஓடுகிறவன், கேசட்டில் பெயர்கூட வராது, இவர்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, டேய் கிலுகிலுப்பை, எங்க ராக் பேண்டுக்கு வர்றியா, ஊர் ஊராச் சுத்தலாம் என்றார், சுற்றினோம், ஷில்லாங், கொச்சி, கோவா, வேனில் என் தோளில் தலை சாய்த்துத் தூங்குவார், மேடை ஏறினால் புலி, பாழாய்ப்போன இந்த டிக் டிக் அப்போது கிடையாது, அவர் போன இடத்துக்கு நாங்கள் போனோம்.

இப்போது மேடை விளக்கும், திரையில் ஓடும் படமும் கணினியின் எண்ணிக்கைக்குக் கட்டுப்பட்டவை, டிரம்மர் நிஷாந்த் அதை விட்டு நகர முடியாது, நகரவும் மாட்டான், அறுபத்தைந்து வயது நுரையீரலுக்காகக் கணினி நிற்குமா, எனக்கு மனசு கேட்கவில்லை, காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அண்ணனோடு போனேன், டிரம்ஸ் ஒரு பக்கம், நாங்கள் இருவரும் ஒரு பக்கம், விளக்கு தப்பான இடத்தில் அணைந்தது, பாட்டு நாறிப்போனது, ஆனாலும் நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, கடவுளே, சிரித்தபடி மேடையிலிருந்து இறங்கினேன்.

நிஷாந்த் கத்தினான், மேனேஜர் கத்தினார், அண்ணன் வேனில் தள்ளிப்போய் உட்கார்ந்தார், ஓசூர் தாண்டிய பிறகுதான் வாய் திறந்தார், நான் மட்டும் தப்பு பண்ணியிருந்தா வயசாச்சுன்னு சொல்லிட்டுப் போயிருப்பாங்கடா, நீ எனக்காக நின்னத எல்லாரும் பாத்துட்டாங்க, இனிமே நிக்காத.

கோயம்புத்தூரில் நான் நிற்கவில்லை. இரண்டு காதிலும் டிக் டிக், கைகள் அதன் பின்னாலேயே ஓடுகின்றன, இரண்டாவது சரணத்தில் அவர் பின்தங்குவது தெரிகிறது, பார்க்கக்கூடாது, பார்க்கிறேன், மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டார், அவர் வரியைக் கூட்டம் பாடுகிறது, முன்பே நினைத்து வைத்து நீட்டியவர் போலச் சிரிக்கிறார், எல்லோரும் ஆர்ப்பரிக்கிறார்கள், வியர்த்த சட்டைக்குள் அவர் முதுகு ஏறி ஏறி இறங்குவது பின்னால் நிற்கிற எனக்குத் தெரிகிறது, நான் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன்.